கையெழுத்துக்கான இடம்

பத்தரை மணியிலிருந்து காத்தவராயன் டெல்லியில் ஓர் அமைச்சகத்தின் அண்டர் செகரட்டரி அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய பியூன் ஸ்டூல் இரண்டு மாடி கீழே, வேறொரு பிரிவின் வாசலில் இருந்தது. இந்த மாடியில் அவருக்கு உட்கார இடமில்லை. கையில் நீல ரெக்ஸின் ஃபோல்டர், ஆபீஸ் ஃபைலைப்போல இரண்டு மடங்கு பெரிது. மடங்கக் கூடாது என்று மகள் சொல்லியிருந்ததால் இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். ரெக்ஸின் பட்ட இடத்தில் சட்டை வியர்த்து ஒட்டிக்கொண்டது.

உள்ளே மீட்டிங். இரண்டு மணிக்குக் கலைக் கல்லூரியில் கவிப்ரியாவுக்கு இன்டர்வியூ. ஒன்றரைக்கு ஃபோல்டரோடு கல்லூரி கேட்டில் இருப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். போகல் மார்க்கெட்டில் அவள் வேலை பார்க்கும் கல்யாணப் பத்திரிகைக் கடையில் எங்கு பார்த்தாலும் மை. படங்களை அங்கே எடுத்துப்போக அவளுக்கு மனமில்லை. "நான் கொண்டாறேன், நீ கடையிலேர்ந்து நேரா வந்துடு" என்று அவர் சொன்னபோது கவிப்ரியா நம்பிக் கொடுத்தாள். வழியில் ஒரு வேலை வைத்திருக்கிறார் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

படிப்பின் பெயரைப் போன மாதம் அவள் சொன்னபோது அவருக்குப் பிடிபடவில்லை. "படம் போட்டு கதை சொல்றதுக்கு எம்.ஏ.வா?"

"உங்கப்பா விடற கதைக்கு பி.எச்.டி.யே குடுக்கலாம்டி" என்றாள் இந்திராணி, சப்பாத்தியைத் திருப்பிக்கொண்டே.

போன வாரம் கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தைக் கவிப்ரியா படித்துச் சொன்னாள். "பதினஞ்சு ஒரிஜினல் ஒர்க் எடுத்துட்டு வரணும். எல்லாம் என்னோடதுதான்னு அவங்களுக்கு நம்பிக்கை வரணும்."

ஒரிஜினல் என்ற சொல்லும் நம்பிக்கை என்ற சொல்லும் அவர் காதில் தங்கிவிட்டன. அவர்கள் குடியிருந்த குடிசைக் கேம்ப்பைச் சர்க்கார் இடிப்பதற்கு முன்னால் கணக்கெடுக்க வந்தவர்களிடம் அவர் பதினான்கு தாள்கள் கொடுத்திருந்தார். மேஜைக்குப் பின்னாலிருந்தவன் ஒரு ஜெராக்ஸை மட்டும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, சீல் எங்கே என்று கேட்டான். அந்தத் தாளைத் தனியாக வைத்தான். மாற்று வீடு கிடைத்தவர்களின் பட்டியலில் காத்தவராயன் பெயர் இல்லை. அந்த ஆளின்மேல் அவருக்குக் கோபம் வந்ததே இல்லை. பத்தொன்பது வருஷமாக அடுத்தவர்களின் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு கையெழுத்துக்கும் சீலுக்கும் மாடி மாடியாக அலைந்தவன், தன் காகிதத்தை மட்டும் மொட்டையாகக் கொடுத்துவிட்டோமே என்பதுதான் ஒரு வருஷமாக உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. மகள் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய பிறகு அவள் நிரப்பிய எந்த விண்ணப்பத்திலும் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போயிருந்தது. இது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வேலை.

பன்னிரண்டே முக்காலுக்குக் கதவு திறந்தது. மீட்டிங்குக்கு வந்தவர்கள் போனதும் அவர் உள்ளே நுழைந்தார். அண்டர் செகரட்டரி ராமசுப்ரமணியன் காதில் ஃபோனோடு இருந்தார்.

"என்னப்பா காத்தவராயா, இங்க எங்க?"

"பொண்ணு காலேஜுக்கு சார். பதினஞ்சு பேப்பர். அட்டெஸ்ட் பண்ணித் தரணும்."

"இப்பல்லாம் செல்ஃப் அட்டெஸ்டேஷனே போறுமே. கவர்மென்ட்டே சொல்லியாச்சு."

"நாமளே போட்டுக்கற கையெழுத்த யாரு சார் நம்புவாங்க?"

ராமசுப்ரமணியன் சிரித்தார். "அதுவும் வாஸ்தவந்தான். ஜல்தி வை. ஹாங் ஜி, போலியே" என்று இந்தியில் ஃபோன் பேச்சுக்குத் திரும்பினார்.

பி.ஏ. லீவு. சீலும் மைப் பெட்டியும் ஓரத்து மேஜையில் இருந்தன. காத்தவராயன் ஒவ்வொரு தாளாக எடுத்து, அதிகாரியின் பக்கம் நேராக இருக்கும்படி திருப்பி வைத்தார். அவர் எதிரில் நின்றதால் படங்கள் அவருக்குத் தலைகீழாகத் தெரிந்தன. படங்களை அவர் பார்க்கவுமில்லை. கையெழுத்துக்கு இடம் எங்கே என்றுதான் பார்த்தார். அதுதான் பழக்கம். தாள் முழுக்கக் கறுப்பு மையில் நெருக்கமாகக் கோடுகள், விளிம்புவரை. நல்லவேளையாக ஒவ்வொன்றிலும் எங்காவது உள்ளங்கையளவு வெள்ளையாக விட்டிருந்தாள். அங்கே சீலை நேராக வைத்து, ஒரே அழுத்தாக அழுத்தி எடுத்தார். ஊதா மையில் மூன்று வரிகள்: பெயர், பதவி, இலாகா. மேலே விரலை வைத்துக் காட்டினார். பேனா வந்து சுழித்துவிட்டுப் போனது. பதினைந்தும் முடியும்வரை ஃபோனில் பேச்சு நிற்கவில்லை.

"தேங்க்ஸ் சார்."

ராமசுப்ரமணியன் கையை அசைத்தார்.

மெட்ரோவில் நின்றுகொண்டே வந்தார். மனசு லேசாக இருந்தது. இனி எவன் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாலும் பார்த்துக்கொள்ளட்டும்.

கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று ஐம்பது. வராந்தாவில் கவிப்ரியா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எங்கப்பா போன? அஞ்சு தடவ ஃபோன் பண்ணேன்."

"மெட்ரோல டவர் கெடைக்கல பாப்பா. இந்தா."

அவள் ஜிப்பைத் திறந்து முதல் தாளை வெளியே இழுத்தாள். பாதியில் கை நின்றது.

"இது... யாரு போட்டது?"

"நம்ம ராமசுப்ரமணியன் சார். அண்டர் செகரட்டரி. பதினஞ்சுலயும் வாங்கிட்டேன், ஒண்ணு விடல."

அவள் மற்றவற்றையும் இழுத்தாள். இரண்டாவது தாள், மூன்றாவது தாள். பக்கத்தில் நின்றதால் இப்போதுதான் படங்கள் அவருக்கு நேராகத் தெரிந்தன. நீளமான நடைபாதை. இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். கூரைவரை ஃபைல்கள். ஒரு கதவின் வெளியே ஸ்டூலில் ஒரு ஆள். அடுத்ததில் அதே ஆள் மணிச் சத்தத்துக்கு எழுந்திருக்கிறான். அடுத்ததில் டீ கிளாஸ்களோடு நடக்கிறான். பெரிய காதுகள். ஒரு பக்கம் சரிந்த தோள். கழுத்தில் கான்ட்ராக்டர் கொடுத்த அட்டை. சுற்றிலும் கறுப்பு. அந்த ஆளின் சட்டை மட்டும் வெள்ளை.

அந்தச் சட்டையில்தான் பதினைந்து தடவையும் அவர் சீலை அழுத்தியிருந்தார்.

"கவி... காலியா இருக்குதுன்னு நெனச்சேன்."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். "நாலு மாசம்பா" என்று மட்டும் சொன்னாள். அதற்குள் ஒருவர் வந்து பெயரைக் கூப்பிட்டார். ஃபோல்டரை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஜிப்பை மூடக்கூட இல்லை.

தண்ணீர் கூலருக்குப் பக்கத்தில் அவர் நின்றார். பெஞ்ச் காலியாக இருந்தது. உட்காரத் தோன்றவில்லை. தன்னைப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறாள். எப்போது பார்த்தாள்? பள்ளிக்கூட லீவில் கூட்டிக்கொண்டு வந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார வைத்திருந்தாரே, அப்போதா? ஏழு வயசில் ஸ்லேட்டோடு உட்கார்ந்திருந்தவள் கண்ணை நிமிர்த்தி இதையெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டாளா? பெருமைப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. இவ்வளவையும் பார்த்துவிட்டாளே என்று முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அந்தக் கூச்சமும் போய், ஊதா மை மட்டும் கண்ணில் நின்றது. தாளை மொட்டையாகக் கொடுத்து வீட்டை விட்டார். இப்போது சீல் வைத்துப் படிப்பைக் கெடுத்துவிட்டார். இந்திராணிக்கு ஃபோன் செய்ய எடுத்து, நம்பரைப் பார்த்துவிட்டுப் பையில் போட்டார்.

நாற்பது நிமிஷம் கழித்து அவள் வெளியே வந்தாள். நேராகக் கூலருக்குப் போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

"பாப்பா..."

"இரு. மூச்சு வுட்டுக்கறேன்." வாயைத் துடைத்துக்கொண்டாள். "மொதல்ல ஒரு மேடம் கேட்டாங்க, இந்த சீல் ஐடியா எப்ப வந்துச்சு, வரையறப்பவா, அப்புறமான்னு."

"நீ என்ன சொன்ன?"

"நான்தான் யோசிச்சேன்னு சொல்லிடலாமான்னு ஒரு செகண்ட் பாத்தேன்." அவரைப் பார்த்தாள். "சொல்ல முடியல. எங்கப்பாதான் போட்டாரு, படத்துல இருக்கறவருதான் போட்டாரு, ஒரிஜினல்னு நம்பறதுக்காகன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் அந்த மேடம் மொதல்லேர்ந்து ஒவ்வொண்ணா திருப்பிப் பாத்தாங்க. அப்ப ஒருத்தரும் சிரிக்கலப்பா."

"அவங்களுக்குக் கோவமா?"

"தெரில. நாலு மணிக்கு லிஸ்ட் ஒட்டுவாங்க."

நாலு மணிவரை வராந்தாவிலேயே நின்றார்கள். நடுவில் ஒரு தடவை அவள் கேன்டீனிலிருந்து ஒரு சமோசா வாங்கிவந்து பாதியைப் பிட்டு அவர் கையில் வைத்தாள். பட்டியலை ஒட்ட வந்தவர் குண்டூசி தேடிக்கொண்டு மறுபடி உள்ளே போனபோது, "ஹே பகவான், டேப் ஒட்டுங்கய்யா" என்று முணுமுணுத்தாள். மூன்றாவது பெயர் அவளுடையது. அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். அவர் அந்த விரலைப் பார்த்தார்.

அன்றைக்குக் காலையிலிருந்து முதல் தடவையாக அவர் உட்கார்ந்தார். கவிப்ரியா அட்மிஷன் கடிதத்தை வாங்கிவந்து நீட்டியதும் அவர் கண் கீழ் ஓரத்துக்குப் போனது.

"சீல் இருக்குதா?"

"இருக்குதுப்பா, இருக்குது! நல்லா பாத்துக்கோ!" அவள் சிரித்த சிரிப்பில் வராந்தாவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் சிரித்தார். கண்ணைச் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டார். ஃபோனில் இந்திராணி "நெஜமாவா, நெஜமாவா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஐந்து மணி தாண்டிக் கேட்டுக்கு வந்தபோது காவலாளி நிறுத்தினான். கல்லூரிக்குள்ளிருந்து படங்களை வெளியே எடுத்துப்போகச் சீட்டு வேண்டும். கவிப்ரியா உள்ளே அவர்கள் சொன்னபடி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்த சீட்டைக் கொடுத்தாள். அவனுக்கும் காத்தவராயன் வயசுதான். கழுத்தில் அதேபோல் ஒரு கான்ட்ராக்டர் அட்டை.

"நீயே எழுதி நீயே கையெழுத்துப் போட்டா எப்படிம்மா?" என்றான் இந்தியில். "ஆபீஸ்ல சீல் வாங்கிட்டு வா."

"ஆபீஸ் மூடியாச்சே அண்ணா. இதெல்லாம் நான் வரைஞ்சதுதான். இவரு எங்கப்பா. படத்துல இருக்கறது இவருதான், பாருங்க."

அவன் ஃபோல்டரைத் திறந்தான். ஸ்டூலில் இருந்த ஆளையும் பார்க்கவில்லை, எதிரில் நின்ற ஆளையும் பார்க்கவில்லை. ஊதா எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தான். அண்டர். செகரட்டரி. அடுத்த தாளைத் திருப்பினான். அதிலும் அதே பெயர். அவன் முதுகு நிமிர்ந்தது.

"சாகப் கா ஹை?" பெரிய அதிகாரியுடையதா என்று கேட்டான்.

இருவரும் பதில் சொல்வதற்குள், முதலிலேயே சொல்லக் கூடாதா என்று குறைபட்டுக்கொண்டு தாள்களை ஒழுங்காக அடுக்கி ஜிப்பை மூடினான். சின்னக் கதவை விட்டுவிட்டு, கார்கள் போகும் பெரிய கேட்டின் தாழ்ப்பாளைத் தூக்கி இரண்டு பக்கமும் தள்ளித் திறந்தான். ஃபோல்டரை அவர்களிடம் கொடுக்கவில்லை. இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, அப்பாவையும் மகளையும் தாண்டி, சாகப்பின் கார் எங்கே நிற்கிறது என்று சாலையில் தேடினான்.