இரட்டை விசிறி

மனைவியின் வலது கைப் பெருவிரல் நகத்தை வெட்டி முடித்து டெய்லர் அடுத்த விரலுக்குப் போனபோது, தலையணையோரம் கிடந்த போன் அடித்தது. படகுப் பட்டறை மெக்கானிக். அதை எடுத்து அவள் காதோரம் பிடித்தார்.

"அக்கா, பின்பலகையை அறுக்கவா, வேண்டாமா? பழைய டிரைவா, புதுசா? ஒண்ணு சொல்லுங்கக்கா, படகு சும்மா நிக்குது."

"சாயங்காலம் சொல்றேம்ப்பா." அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூன்று முறை மூச்சு வாங்கியது.

எட்டு மாதமாக இதே பதில்தான். டெய்லருக்கு அது பிடிபடவே இல்லை. இருபத்தாறு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவள் அவள். நெரிசலில் எந்தச் சந்தில் நுழைவது என்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு செய்வாள். சட்டை தைக்கக் கொடுக்க வந்த இடத்தில், அவர் ஒரு பட்டனைத் தைத்து முடிப்பதற்குள் அவரைக் கட்டிக்கொள்வதென்று தீர்மானித்தவள். ஓய்வு பெற்றதும் ஐம்பது வயதான ஒரு மரப் படகை ஓட்டையும் உடைசலுமாக வாங்கி, பலகை பலகையாகப் புதுப்பித்தாள். எல்லாம் மளமளவென்று நடந்தது. படகைத் தள்ளுகிற டிரைவ்களில் எதைப் பின்னால் மாட்டுவது என்பதில் மட்டும் வேலை அப்படியே நின்றுவிட்டது.

"அப்படி என்னதான் யோசிக்கிற?"

"உங்களுக்குச் சொன்னா புரியாது, டெய்லரே."

"புரியற மாதிரி சொல்லேன்."

அவள் சிரித்தாள். "மிச்ச நகத்தை வெட்டுங்க."

நாலு மணிக்கு அவளுடைய வாயை நனைக்கத் தண்ணீர் எடுக்கப் போனார். திரும்பி வந்தபோது மூச்சு இல்லை. தம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீடு நிறைய ஆட்கள். அவர் செருப்பை மாட்டுவதை மைத்துனி பார்த்துவிட்டாள்.

"எங்க அத்தான் கிளம்பிட்டீங்க? கொஞ்சம் படுங்களேன்."

"ஒரு சாமானைப் பாக்கணும்."

"இன்னைக்கா?"

அவர் படியிறங்கி நடந்தார்.

பட்டறையில் மெக்கானிக் பதறி எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். "நானே வந்திருப்பேனே சார்."

"அந்த ரெண்டையும் காட்டுங்க."

இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் மரச்சட்டத்தில் தொங்கின. எஞ்சின் படகுக்குள் உட்காரும். பின்பலகையைத் துளைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்குகிற உலோகக் கால்தான் டிரைவ். நுனியில் விசிறி. பழையதற்கு ஒரே விசிறி; ஏற்கெனவே இருக்கிற துளையிலேயே பொருந்தும். புதியதற்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு. அதற்குத் துளையைப் பெரிதாக்க வேண்டும்.

டெய்லர் முன் விசிறியைக் கையால் திருப்பினார். பின்னால் இருந்தது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. மறுபடி திருப்பிப் பார்த்தார்.

"ஏன் ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படி?"

"ஒத்தை விசிறின்னா படகைப் பக்கவாட்டுல இழுக்கும் சார். மெதுவாப் போனா மூக்கு அலையும். ரிவர்ஸ்ல ஒரு பக்கமா ஒதுங்கும். ரெண்டு எதிரெதிரா சுத்துனா இழுப்பு சமமாயிடும். நூல் புடிச்ச மாதிரி போகும்."

"அப்போ புதுசுதானே நல்லது?"

"அக்காவுக்குப் பழசு மேலதான் உசுரு. அவங்க கைக்கு அது அடங்கும். வந்தா அதைத்தான் தடவித் தடவிப் பாப்பாங்க."

"பின்ன இதை எதுக்கு வரவழைச்சா?"

மெக்கானிக் கையில் இருந்த துணியை மடித்தான், பிரித்தான். "எட்டு மாசம் முன்னாடி வந்து ஒரு கேள்வி கேட்டாங்க சார். ஓட்டவே தெரியாத ஆளு, தன்னந்தனியா கரைக்குக் கொண்டுவந்து கட்டணும்னா எது தோதுன்னு. இதைச் சொன்னேன். சரி, வரவழைன்னாங்க. யாருக்கு அக்கான்னு கேட்டேன். பேச்சை மாத்திட்டாங்க."

டெய்லர் மனசுக்குள் மாதங்களை எண்ணினார். அவளுக்கு என்ன நோய் என்று டாக்டர் அவரிடம் சொன்னது அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான்.

பிறகு படகின் பின்புறம் போனார். புதிய துளையின் அளவுக்கு வெட்டிய அட்டை பின்பலகையில் ஒட்டியிருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இடப்பக்கம் கால் அங்குலம் தள்ளியிருக்கு."

"இருக்காது சார், ரெண்டு தடவை அளந்தேன்." மெக்கானிக் டேப்பை வைத்துப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஆமா சார்!"

அட்டையை நடுவுக்கு நகர்த்தி, டெய்லரே சுற்றிலும் கோடு போட்டார்.

"அறுங்க."

"நாளைக்கு யோசிச்சுச் சொல்லுங்களேன். அறுத்துட்டா ஒட்ட முடியாது."

"முப்பத்தெட்டு வருஷமா துணி வெட்டறேன். தெரியும்."

"யாரு சார் ஓட்டப் போறா?"

டெய்லர் படகின் முனைவரை ஒரு பார்வை பார்த்தார். "கத்துக்க எத்தனை நாள் ஆகும்?"

மெக்கானிக் ரம்பத்தை எடுத்து இயக்கினான். தூள் பறந்தது. ஒரு சுற்று முடிந்ததும் வளையமாக மரம் கழன்று தரையில் விழுந்து உருண்டது. ரம்பம் ஓய்ந்தபோது டெய்லர் அருகே போய், துளையின் விளிம்பில் விரலை வைத்தார். அறுத்த மரம் இன்னும் சூடாக இருந்தது. எங்காவது சிலாம்பு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று, மெதுவாக, முழு வட்டமும் தடவிப் பார்த்தார்.