அக்கா பிடித்த வீடு

அக்கா வண்டி ஓட்டினால் எறும்புகூட ஓவர்டேக் பண்ணிவிட்டுப் போகும் என்பது சின்னவளின் கணவர் கண்டுபிடித்த நகைச்சுவை. ஆறு கடலில் கலக்கும் இடத்தைப் பார்க்க அக்காவும் தங்கையும் மட்டும் கிளம்பிய அந்தச் சனிக்கிழமை அது பொய்யாகிவிட்டது. ஊரைத் தாண்டியதும் பெரியவள் காரை விரட்டிய விரட்டில் சின்னவள் கைப்பிடியை விடவே இல்லை.

"ஆறு எங்கயும் ஓடிப்போயிடாதுக்கா. மெதுவாப் போ."

பெரியவள் சிரித்துக்கொண்டே கியரை மாற்றினாள்.

பெரியவள் பிசியோதெரபிஸ்ட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவின் கடைசிக் காலம்வரை அவள்தான் பார்த்துக்கொண்டாள். பிறகு, வா என்று யாரும் கூப்பிடாமலே, வேண்டாம் என்று யாரும் சொல்லாமலே, தங்கை வீட்டில் ஒருத்தியாகிப்போனாள். தங்கைக்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. பிள்ளைகள் இரண்டும் காய்ச்சல் வந்தால் அம்மாவைத் தேடாது, பெரியம்மாவைத்தான் தேடும்.

பாலம் ஏறியதும் கடல் தெரிந்தது. ஆறு அகன்று, அலுத்து, அதனிடம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அறை பதிவு செய்திருந்த விடுதிக்குப் போகாமல் பெரியவள் ஐஸ் ஃபேக்டரிச் சந்தில் திரும்பினாள். யாரையும் வழி கேட்கவில்லை.

"இங்க முன்னாடி வந்திருக்கியா?"

பதில் வருவதற்குள் ஒரு மாடிவீட்டு வாசலில் கார் நின்றது. கீழ் வீட்டம்மா சாவியோடு ஓடி வந்தாள். "வாங்கம்மா! பெயிண்ட் நல்லாக் காஞ்சிடுச்சு. இவங்கதான் தங்கச்சியா? நீங்களும் இங்கயே வந்துடுறீங்களா?"

சின்னவள் அக்காவை முறைத்தபடியே படியேறினாள்.

மாடியில் வெறும் அறைகள். சன்னலைத் திறந்தபடியே பெரியவள் சொன்னாள்: "இங்க ஆஸ்பத்திரில வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் சேரணும்."

"எங்ககூட இருக்கிறதுல உனக்கு என்னக்கா குறை?"

"ஒரு குறையும் இல்லடி. அதனாலதான் சொல்ல வாயே வரல. வீட்டுல வச்சு சொன்னா நீ அழுவ, பசங்க அழுவாங்க, நான் பெட்டியைத் திரும்பப் பிரிச்சுடுவேன்."

"சரி, எதுக்குப் போற?"

பெரியவள் யோசித்தாள். "முதல்ல அம்மா வீடு, அப்புறம் உன் வீடு. ஒரு தடவையாவது என் வீட்டுக் கதவை நானே திறந்துட்டு உள்ள போகணும்னு இருக்கு. அவ்வளவுதான்."

சின்னவள் விருட்டென்று இறங்கிப் போனாள்.

முகத்துவாரத்தில் கலங்கிய தண்ணீரும் நீலத் தண்ணீரும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. கரைக் கல்லில் உட்கார்ந்து ஆசை தீர அழுதாள். தனியாக இருக்கையில் அக்காவுக்கு உடம்பு முடியாமல் போனால் யார் பார்ப்பது என்று அழத் தொடங்கியவள், போகப்போகத் தன் வீட்டுக் காலை நேரத்தை நினைத்து அழுதாள். அடுப்பில் பால் பொங்கும்போது யாரைக் கூப்பிடுவது? பரீட்சைத் தாள் திருத்தும் நாட்களில் பிள்ளைகளை யார் தூங்க வைப்பது? அது புரிந்தபோது அவளுக்கே வெட்கமாகிவிட்டது. அக்காவுக்காக அழுத அழுகை அதில் கால்வாசிகூடத் தேறாது.

இருட்டுவதற்குள் திரும்பி வந்தாள். பெரியவள் சமையலறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்பை அந்தப் பக்கம் வைக்காதே. சன்னல் காத்துல அணைஞ்சுடும்," என்றாள் சின்னவள், முகத்தைத் திருப்பிக்கொண்டே.

"சரிங்க டீச்சர்."

"நான் வந்தா எங்க படுக்கிறது?"

"பின்ன எதுக்குடி ரெண்டு ரூம் உள்ள வீடாப் பார்த்துப் பிடிச்சேன்?"

விடுதி அறை சும்மா கிடக்க, இருவரும் புதுப் பெயிண்ட் வாடையில் வெறுந்தரையில் படுத்து, அம்மாவைப் பற்றிப் பழங்கதை பேசிச் சிரித்தார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்க, இன்னொருத்திக்கு அது பொத்துக்கொண்டு வந்தது.

ஞாயிறு சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் ஓடி வந்து பெரியம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டன. பெரியவள் தங்கையைப் பார்த்தாள். நேற்று அத்தனை தெளிவாகப் பேசியவள் இப்போது பிள்ளைகளின் கைகளை விடாமல் நின்றாள்.

சின்னவள் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தாள். "எல்லாரும் உட்காருங்க. பெரியம்மாவுக்கு வேலை கிடைச்சிருக்கு. வீடுகூடப் பிடிச்சாச்சு. நான் பார்த்துட்டேன், நல்ல வீடு," என்றாள். கடைசி வார்த்தையில் மட்டும் குரல் கொஞ்சம் உடைந்தது.