வரிசையின் கடைசி அட்டை

"கடைசி ஆள் வந்தாச்சுன்னு வரிசைக்கு எப்படிம்மா தெரியும்?"

வீட்டின் மூத்த மருமகளான பெரியவளின் மகள் ஐந்து வயதில் கேட்ட கேள்வி இது. மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே நின்றுகொண்டு கேட்டாள். வெளியே நாற்பது பேர். அம்மாவுக்கு ஒரு கையில் டோக்கன் கட்டு, மறு கையில் மகள். "வரிசைக்கு என்ன வாயா இருக்கு, வந்து சொல்ல? சும்மா நில்லு" என்று அதட்டிவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.

அன்று மாலை அதே கேள்வி மாடி ஏறிப் போனது. மாடியில் சித்தி. பெரியவளின் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குச் சின்னவளாக வந்து மூன்று மாதம்கூட ஆகாதவள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஸ்பூன்களை வரிசையாக அடுக்கினாள். கடைசியில் ஒரு டப்பா மூடியை வைத்தாள்.

"மூடி ஸ்பூன் இல்லைதானே? எண்ணிக்கிட்டே வா. மூடி கைல பட்டுதுன்னா வரிசை முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

மகள் துள்ளிக் குதித்துக்கொண்டு கீழே வந்து, அதை அம்மாவுக்கே பாடமாக நடத்தினாள். பெரியவள் கேட்டும் கேட்காததுபோல் துணி மடித்தாள். ஆனால் மறுவாரமே டோக்கன் தட்டின் கடைசியில் ஒரு சிவப்பு அட்டையைச் செருகி வைக்க ஆரம்பித்தாள். அதைக் கண்டதும் நர்சு அன்றைய வரிசையை முடித்துக்கொள்வாள். "நல்ல யோசனைக்கா" என்று எல்லோரும் மெச்சினார்கள். யாருடைய யோசனை என்று யாரும் கேட்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை.

பொறாமை என்பது பெரிய விஷயத்தில் பிறக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. ஒரு டப்பா மூடி போதும்.

அதற்குப் பிறகு பத்து வருடங்கள் ஓடிவிட்டன. சின்னவளும் அதே மருத்துவமனையில், துணிக்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். எல்லாமே அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. மகளின் வீட்டுப்பாடமெல்லாம் மாடியில்தான் நடந்தது. "சித்தி எவ்வளவு பொறுமையாச் சொல்றாங்க தெரியுமா?" என்று மகள் சொல்லும்போதெல்லாம் பெரியவளுக்கு யாரோ காதுக்குள் கடுகு போட்டதுபோல் இருக்கும்.

இந்த நிலைமையில்தான் அந்த வகுப்பு வந்தது.

மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. புரோகிராம் எழுதத் தெரிந்தவர் வேண்டும். வெளியிலிருந்து ஆள் எடுப்பதைவிட, இருப்பவர்களில் விருப்பமுள்ளவருக்குச் சொல்லிக்கொடுத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று பெரிய டாக்டரம்மா முடிவு செய்தார். பெரியவளின் முழங்கால் நாள் முழுக்க ஜன்னலில் நின்று நின்று வீங்கிக் கிடந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை என்பது அவளுக்குப் பாதி மருந்து. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். பட்டியலில் அடுத்த பெயரைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. சின்னவள்.

"அவளுக்கும் கிடங்குல பிளீச்சிங் நெடி ஒத்துக்கலை, எப்பப் பாத்தாலும் இருமறா" என்றார் கணவர். "சேர்ந்து போங்களேன். தெரியலைன்னா அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

"கேட்டுக்கறேன். அப்படியே அந்த வேலையையும் தட்டுல வெச்சு அவ கைல குடுத்துட்டு வந்துடறேன்" என்றாள். அவர் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வகுப்பு மூன்றாம் மாடியில், பழைய எக்ஸ்ரே அறையில், மதிய நேரத்தில் நடந்தது. சொல்லிக்கொடுத்தவர் பலகை முழுக்க அம்புகளாக வரைவார். ஆகவே ஆம்புலன்ஸ் டிரைவர் அவருக்கு அம்பு வாத்தியார் என்று பெயர் வைத்துவிட்டார். முதல் இரண்டு வாரம் கம்ப்யூட்டரைத் தொடவே விடவில்லை. தாளில் கட்டம் போட வேண்டும். வேலைக்கு ஒரு கட்டம், கேள்விக்கு ஒரு கட்டம், அடுத்து எங்கே போக வேண்டும் என்பதற்கு ஓர் அம்பு.

"கம்ப்யூட்டர் ரொம்பக் கீழ்ப்படிதலான ஆள்" என்றார் வாத்தியார். "நீங்க நினைச்சதைச் செய்யாது. எழுதினதைத்தான் செய்யும்."

டோக்கன் எடுத்து ஆளைக் கூப்பிடுவதற்கு ஒரு படம் வரையச் சொன்னார். பெரியவளுக்கு இது கைவந்த வேலை. அரை மணி நேரத்தில் நோட்டில் வரைந்து நீட்டினாள். வாத்தியார் ஆறு பேரை வரிசையில் நிற்கவைத்தார். டிரைவரைக் கம்ப்யூட்டராக உட்காரவைத்து, "எழுதினதை மட்டும் செய்ங்க" என்றார்.

"ஒண்ணாம் நம்பர் வாங்க" என்று டிரைவர் கூப்பிட்டார். முதலில் நின்ற மருந்துக் கிடங்குக்காரர் வந்து போனார். டிரைவர் நோட்டைப் பார்த்தார். அம்பு திரும்ப மேலே போயிற்று. "ஒண்ணாம் நம்பர் வாங்க."

மருந்துக் கிடங்குக்காரர் மறுபடி வந்தார்.

"ஒண்ணாம் நம்பர் வாங்க."

"யோவ், எனக்கு என்ன வியாதின்னாவது சொல்லுய்யா!"

அறையே அதிர்ந்தது. அடுத்த அட்டையை எடு என்று எழுத பெரியவள் மறந்திருந்தாள். கை தானாகச் செய்யும் வேலையை யார் எழுதுவார்கள்? வரிசையில் கடைசியாக நின்ற சின்னவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மற்ற ஐந்து பேரின் சிரிப்பு பெரியவளுக்கு மறந்துபோனது. அந்த ஒன்று மட்டும் உள்ளே முள்ளாகத் தங்கிவிட்டது.

அன்று நோட்டை மேசையிலேயே போட்டுவிட்டு இறங்கி வந்தாள். நாளைக்குப் போய்ப் பெயரை எடுத்துவிட வேண்டியதுதான். மறுநாள் அதற்காகவே போனாள். நோட்டு திறந்தபடி இருந்தது. அவளுடைய படத்தின் ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு சின்னக் கட்டம்: 'அடுத்த அட்டையை எடு.' அதிலிருந்து ஓர் அம்பு மேலே கேள்விக்குப் போயிற்று. வேறு ஒரு சொல் இல்லை.

நின்றபடியே கட்டம் கட்டமாக விரல் வைத்துப் பார்த்தாள். இரண்டாம் நம்பர் வந்தார். மூன்றாம் நம்பர் வந்தார். ஆறு பேரும் போன பிறகு சிவப்பு அட்டை வந்தது, படம் நின்றது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வாத்தியாருக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள். கூச்சத்தில் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான்கு மாதம் போனது. கடைசித் தேர்வு வந்தது. அன்றைய அட்டைகளையெல்லாம் எடுத்து, மொத்தம் எத்தனை நோயாளிகள், அதிகமாகக் காத்திருந்தவர் எத்தனை நிமிடம் காத்திருந்தார் என்று சொல்லும் படம் வரைய வேண்டும். ஒவ்வோர் அட்டையிலும் காத்திருந்த நிமிடம் இருக்கும். கடைசி அட்டையில் மட்டும் 999 என்று இருக்கும். அது ஆள் அல்ல, முடிந்தது என்பதற்கான அடையாளம். எல்லாப் படமும் சுவரில் ஒட்டப்படும். மூன்று மணிக்குப் பெரிய டாக்டரம்மா நிஜ அட்டைகளோடு வந்து ஒவ்வொன்றையும் கையால் ஓட்டிப் பார்ப்பார்.

"மூணு மணி வரைக்கும் யார் படத்தை யார் வேணும்னாலும் திருத்தலாம்" என்றார் வாத்தியார். "ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் சரிபார்க்கறது இந்தத் தொழில்ல பாதி வேலை."

"நல்லாச் சொன்னீங்க சார்" என்றார் டிரைவர். "இருக்கறது ஒரு நாற்காலி. அதுல பக்கத்து ஆளைத் தூக்கி உக்கார வைக்கச் சொல்றீங்க."

எல்லோரும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

பெரியவள் ஒரு மணிக்கு யாருமில்லாத நேரம் பார்த்து மேலே வந்தாள். தன் படத்தை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது. பிறகு கால் தானாகச் சின்னவளின் படத்தின் முன்னால் போய் நின்றது. அழகாக இருந்தது. கோடெல்லாம் அடுக்கிவைத்த துணிபோல் நேர்த்தி. பார்க்கப் பார்க்க நெஞ்சு காந்தியது.

விரல் வைத்து ஓட்ட ஆரம்பித்தாள். 999 வந்துவிட்டதா என்பது முதல் கேள்வி. இல்லை. அட்டையை எடு. எண்ணிக்கையில் ஒன்று கூட்டு. நிமிடம் பெரிதா என்று பார். திரும்பக் கேள்விக்குப் போ.

விரல் நின்றது. மறுபடி கடைசி அட்டையிலிருந்து ஓட்டினாள். அட்டையை எடுத்த பிறகு, எண்ணுவதற்கு முன் கேள்வியே இல்லை. 999 அட்டையும் ஒரு நோயாளியாக எண்ணப்பட்டுவிடும். அது மட்டுமா? அதிகம் காத்திருந்தவர் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது நிமிடம் என்று சொல்லும். இல்லாத ஆள் எல்லோரையும்விட அதிக நேரம் காத்திருந்தாராம்!

ஜன்னலில் நிற்கிற யாருக்கும் இந்தத் தப்பு வராது. முதலில் அட்டை கையில் வர வேண்டும், கண்ணால் பார்க்க வேண்டும், பிறகுதான் கூப்பிட வேண்டும். துணிக்கிடங்கில் இருப்பவளுக்கு அது எப்படித் தெரியும்?

பெரியவளுக்குள் ஏதோ குளிர்ந்தது. பத்து வருடத்துச் சூடெல்லாம் இறங்குவதுபோல் இருந்தது. மூன்று மணிக்கு எல்லோரும் சிரிப்பார்கள். இந்தத் தடவை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது தன்னுடைய முறை. தான் ஒன்றும் கெடுக்கவில்லையே, பார்க்காததுபோல் போனால் போதும். திரும்பினாள்.

அப்போதுதான் சுவரோரப் பலகையில் அந்தப் பென்சிலைப் பார்த்தாள். படுக்கை விரிப்புகளில் வார்டு எண் குறிக்கிற நீலப் பென்சில். எத்தனை துவைத்தாலும் போகாது. துணிக்கிடங்கைத் தவிர வேறெங்கும் அது கிடையாது. சின்னவள் படம் முழுவதையும் அதால்தான் வரைந்திருந்தாள்.

பெரியவள் தன் பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்தப் பழைய பக்கத்தைப் புரட்டினாள். அதே நீலம். அம்பின் வாலில் அதே சின்னச் சுழி.

அம்பு வாத்தியார் எப்போதும் சாக்பீசோடும் சிவப்புப் பேனாவோடும்தான் வருவார். நான்கு மாதமாக அது கண்ணெதிரே இருந்தது. பொறாமை அவளை எதையும் பார்க்க விடவில்லை. சிரித்தவள் அன்று எல்லோரும் இறங்கிய பிறகு தங்கி, தேடி, திருத்தி, யாரிடமும் மூச்சு விடாமல் போயிருக்கிறாள். மாடிப்படி வழியாக நான்கு மாதம் எதிரெதிரே ஏறி இறங்கினார்களே, ஒரு நாளாவது சொல்லிக்காட்டினாளா?

தட்டில் பத்து வருடமாகச் செருகிவரும் சிவப்பு அட்டையும் நினைவுக்கு வந்தது. கடவுள் சில பேரின் கையால் நமக்குக் கொடுக்கிறார்; நாம் அந்தக் கையையே வெறுத்துக்கொண்டு வாங்கிக்கொள்கிறோம்.

முழங்கால் விண்ணென்று வலித்தது. அவள் ஒரு கணம் தன் படத்தைப் பார்த்தாள். அந்த நாற்காலியையும் நினைத்துப் பார்த்தாள். பிறகு தன் கறுப்புப் பென்சிலைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு, நீலப் பென்சிலை எடுத்தாள். கறுப்பில் திருத்தினால் வேறு யாரோ திருத்தினார்கள் என்று டாக்டரம்மாவுக்குத் தெரிந்துபோகும்.

கேள்விக்கு மேலே ஒரு சின்னக் கட்டம் போட்டாள்: 'முதல் அட்டையை எடு.' கேள்விக்குக் கீழே இருந்த 'அட்டையை எடு' கட்டத்தை ஒரே கோட்டில் அடித்தாள். கடைசியில், நான்கு மாதத்துக்கு முன் தனக்குக் கிடைத்த அதே சொற்களை எழுதினாள்: 'அடுத்த அட்டையை எடு.' அங்கிருந்து மேலே ஓர் அம்பு. வாலில் ஒரு சுழி.

முழுப் படத்தையும் ஒருமுறை ஓட்டினாள். 999 வந்தது, யாரையும் எண்ணாமல் படம் நின்றது.

பென்சிலை இருந்த இடத்திலேயே, இருந்த வாக்கிலேயே வைத்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, ஜன்னலைத் திறந்து, அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.