நிலைக்கடியில் மயில்

காலையிலேயே இஸ்திரிச் சட்டையில் நின்ற சாமிதுரையைப் பார்த்து, 'மறுபடியும் பெண் பார்க்கக் கிளம்பிவிட்டாரா?' என்று உடையார்பாளையத்தில் அந்தத் தெருவே சிரித்தது.

திருச்சி நாணயச் சேகரிப்பாளர் சங்கத்திலிருந்து ரஞ்சித்குமார் வருகிறார். உலகப் போர்க் காலத்தில் சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்ததும், மீதிக் காசுக்குப் பதிலாகக் கடைக்காரர்கள் தங்கள் முத்திரை குத்திய டோக்கன்களைக் கொடுத்தார்கள். அவற்றைச் சேர்ப்பதுதான் சாமிதுரையின் பித்து. ஜெயங்கொண்டத்து மளிகைக்கடை ஒன்றின் மயில் டோக்கன் தன்னிடம் இருக்கிறது என்று சொன்னதற்கு, அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்றது சங்கம். போட்டோ அனுப்பினால், கம்ப்யூட்டரில் செய்தது என்றார்கள். பொய்யன் பட்டம் இன்றோடு ஒழியவேண்டும்.

பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். மற்றதெல்லாம் இருந்தது. மயில் இல்லை.

"வேணி!"

பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். மனைவி கரண்டியோடு வந்தாள்.

"அந்தப் பித்தளைக் காசா? நம்ம கவியா கட்டுற வூட்டு நிலைக்கடியில போட்டாச்சு."

"நிலைக்கடியிலயா?"

"வாசக்கால் நடுறப்ப பழைய காசு போடணும்னு ஆசாரி கேட்டாரு. நல்ல காசை மண்ணுல புதைக்க எனக்கென்ன கிறுக்கா? செல்லாததுதானேன்னு எடுத்தேன்."

மதில்மேல் தலை நீட்டியிருந்த பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் வாயில் கை வைத்தாள். "அடிப்பாவி, சாமிக்கே செல்லாக்காசா!"

சாமிதுரை கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தார். பாதி கட்டிய வீட்டின் வாசலில், நிலையைப் பிடித்தபடி மகள் கவியா நின்றாள்.

"என்னப்பா, கையில கடப்பாரை?"

வாயைத் திறப்பதற்குள் ரஞ்சித்குமார் வந்துவிட்டார். வழிகாட்டத் தெருவே கூட வந்தது. வரும் வழியிலேயே கதையையும் சொல்லி முடித்திருந்தது.

"இவ்வளவுதானே சார்? நிலையைப் பேத்துடுவோம். நானே ஆள் வெச்சுத் தரேன்" என்றார் ரஞ்சித்குமார்.

சாமிதுரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யோவ், எம் பொண்ணு வூட்டு நிலைய்யா! நட்ட நிலையைப் பேத்தா குடி வெளங்குமா? பேசுற பேச்சா இது?"

ரஞ்சித்குமார் கடப்பாரையைப் பார்த்தார். பிறகு அதைப் பிடித்திருந்தவரைப் பார்த்தார்.

"அப்ப, டோக்கன் இல்லைன்னு சங்கத்துல சொல்லிடவா?"

கவியா நிலையைப் பிடித்த கையை இன்னும் எடுக்கவில்லை.

"சொல்லிடுங்க" என்றார் சாமிதுரை. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. இஸ்திரிச் சட்டையோடு அப்படியே செங்கல் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார்.