ஆறு மஞ்சள் கரு

எழுபத்து நாலு புள்ளி ஆறு. ஏழு வாரமாக இந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துவிட்டது. எடை மிஷினை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன், சமையலறையில் வைத்துப் பார்த்தேன், வாசல் சிமெண்டுத் தரையில் வைத்துப் பார்த்தேன். தோட்டையும் வளையலையும் கழற்றிவிட்டு ஏறினேன். ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் அதைக் காலால் ஒரு எத்து எத்திவிட்டு மறுபடி ஏறினேன். அப்போதும் அதே எழுபத்து நாலு புள்ளி ஆறுதான்.

அழகுக்காக இளைக்க நினைத்தவளாக இருந்தால் போய்த் தொலை என்று விட்டிருப்பேன். என் தம்பி மதனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. போர் வண்டியோடு வடநாட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தவன், இப்போது நாமக்கல்லில் என் வீட்டில் இருந்துகொண்டு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறான். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவரிடமிருந்து சிறுநீரகம் எடுக்க முடியாது. பொருந்தியது என் ரத்தம்தான். சேலத்து டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, என் உயரத்துக்கு எடை அதிகம், எழுபதுக்குக் கீழே வந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும் என்றார். அப்போது நான் எண்பத்து இரண்டு.

நாலே மாதத்தில் ஏழரைக் கிலோ குறைத்தேன். அந்தத் திமிரில் இருந்தபோதுதான் மிஷின் அப்படியே நின்றுவிட்டது. அரிசியைக் குறைத்தேன். டீயில் சர்க்கரையை விட்டேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து பரமத்தி ரோட்டில் ஆறு கிலோமீட்டர் நடந்தேன். குதிகால் வீங்கியதுதான் மிச்சம். போதாததற்கு ஊரே வைத்தியம் சொன்னது. கொள்ளுத் தண்ணி குடி, வாழைத்தண்டைப் பிழிந்து குடி, ராத்திரி பட்டினி கிட. வேலை செய்யும் இடத்தில் செல்லியம்மாள் தினமும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முகம் மட்டும் வாடிப் போச்சு, உடம்பு அப்படியேதான் இருக்குது என்பாள். அவளை ஒருநாள் அறைந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

நான் முட்டைக் குடோனில் சூப்பர்வைசர். கோழிப்பண்ணைகளிலிருந்து வரும் முட்டையை லைட்டில் காட்டிப் பார்த்து, அளவு பிரித்து, அட்டைக்கு முப்பதாக அடுக்கி எண்ணி லாரியில் ஏற்றுவது எங்கள் வேலை. கீறல் விழுந்த முட்டையை எண்ணுவதற்கு முன்பே ஓரமாக எடுத்து வைத்துவிடுவோம். அது எந்த எண்ணிக்கையிலும் சேராது. சாயங்காலம் வேலை முடிந்ததும் ஆளுக்குக் கொஞ்சமாக வீட்டுக்கு எடுத்துப்போவோம். பதினாறு வருடமாக இதுதான் பழக்கம். அதனால் எண்ணுவதும் எழுதுவதும் எனக்குக் கைவந்த வேலை. மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்லும் அகல்யா ஒரு நோட்டைக் கொடுத்து, வாயில் போடுவதை எல்லாம் எழுதுங்கள் என்றபோது, இவ்வளவுதானா என்று சிரித்தேன்.

எடை நின்றுபோன ஏழாவது வாரம், மூன்றாவது தடவையாகச் சேலத்துக்குப் போனேன். அகல்யா நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எண்ணெய் எவ்வளவு என்று கேட்டார். நொறுக்குத் தீனி உண்டா என்றார். கல்யாணம், காதுகுத்து என்று எங்காவது போனீர்களா என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பொய் எழுதலீங்க. சாப்பிட்டது அத்தனையும் எழுதியிருக்கேன். இதுக்கு மேல என்னதானுங்க பண்ணோணும்?"

மதனையும் அகல்யாதான் பார்க்கிறார். அவனுடைய ஃபைலும் அந்த மேசையில்தான் இருந்தது. அதை எடுத்துத் தேதியைப் பார்த்தார், பிறகு என் நோட்டைப் பார்த்தார். மதனுக்குப் புரதம் குறைகிறது, தினம் ஆறு முட்டையின் வெள்ளைக்கரு மட்டும் கொடுங்கள், மஞ்சள் அவனுக்கு ஆகாது என்று அவர் எழுதிக்கொடுத்தும் ஏழு வாரம்தான் ஆகியிருந்தது.

"தம்பி வெள்ளையைச் சாப்பிடறார் சரி. மஞ்சள் என்ன ஆகுது?"

தினமும் சாயங்காலம் குடோனிலிருந்து கொண்டுவந்த கீறல் முட்டையில் ஆறை வேக வைப்பேன். மதன் உரித்து, வெள்ளையைத் தன் தட்டில் வைத்துக்கொண்டு, ஆறு மஞ்சளையும் மிளகுத்தூள் தூவி என் தட்டில் வைப்பான். வீணாகப் போகிறதே என்று நான் விழுங்குவேன். கீறல் முட்டை கணக்கில் சேராது என்று என் கைக்கு அப்படிப் பழகிவிட்டது. நோட்டில் எழுத வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. நாலு இட்லிக்கு மேலேயே இருக்கும் என்று அகல்யா மெதுவாகச் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ராசிபுரம் தாண்டும்வரை பஸ்ஸில் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். ஐந்து மணிக்கு எழுந்ததும், குதிகால் வீங்கியதும், செல்லியம்மாளின் பேச்சும் எல்லாம் எதற்கு? இத்தனை வருடம் முட்டை எண்ணியவளுக்கு ஆறு முட்டையை எண்ணத் தெரியவில்லை. ஆனாலும் உள்ளே ஒரு நிம்மதி இருந்தது. இனி குறைந்துவிடும். வீட்டுக்குப் போனதும் முதலில் மதனிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அப்போதுதான் முட்டையை உரித்துக்கொண்டிருந்தான். கை நின்றது. டயாலிசிஸுக்கு ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன அந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும்க்கா," என்றான்.

என்ன தெரியும் என்றேன். நோட்டைத் தினமும் எடுத்துப் பார்ப்பானாம். மஞ்சளை நான் எழுதுவதில்லை என்று முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டானாம். எடை நின்றுபோனதற்கு அதுதான் காரணம் என்றும் தெரிந்துவிட்டதாம். தெரிந்துகொண்டுதான் தினமும் மிளகுத்தூள் தூவி வைத்திருக்கிறான்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கையிலிருந்த பையை அப்படியே தரையில் போட்டேன்.

"ஏழு வாரம்டா. நொண்டி நொண்டி நடந்தேனே, அதையும் பாத்துக்கிட்டுத்தான இருந்தே?"

"பாத்தேன்," என்றான். "உன்னை அறுத்து எடுத்துத்தான் நான் பொழைக்கோணுமாக்கா? உனக்கு ஒன்னு ஆயிப்போச்சுன்னா சத்யாவுக்கு யாரு இருக்கறா? வேண்டாமுன்னு சொன்னா நீ கேக்க மாட்டே. எடை குறையலேன்னா டாக்டரே வேண்டாமுன்னு சொல்லிருவாருன்னு நெனச்சேன்."

சத்யபிரியா என் மகள். திருச்செங்கோட்டில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் பேரைச் சொன்னதும் என் கோபம் இன்னும் ஏறியது. நான் யோசிக்காத ஒன்றையா இவன் யோசித்துவிட்டான்? லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்திருந்த இரண்டு நாளும் நாங்கள் அதைத்தானே பேசினோம்? சத்யாவே, மாமாவுக்குக் கொடும்மா என்று சொன்ன பிறகுதானே சேலத்துக்குப் போனேன்? அத்தனையும் சொல்லித் தீர்த்தேன். அவன் தலை நிமிரவே இல்லை.

"கீறல் உட்ட முட்டையாட்டம் என்னை ஓரமா ஒதுக்கி வெச்சிட்டு நீ தனியா முடிவு பண்ணாதடா," என்றேன். "வேண்டாமுன்னா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நானே விட்டுர்றேன். இல்லேன்னா அந்த மஞ்சளை எந்திரிச்சுப்போய் நாய்க்குப் போடு."

வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்று அவன் வாயையே பார்த்தேன். அவன் மஞ்சள் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். தெருமுனை வரை நடப்பதற்கே அவனுக்கு இப்போதெல்லாம் மூச்சு வாங்கும். நான் கூடப் போகவில்லை. காலித் தட்டோடு திரும்பி வந்து, அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் பங்கு வெள்ளைக்கருவை உப்பில்லாமல் தின்றான்.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை காலை மிஷினில் ஏறினேன். குனிந்து பார்க்கப் பயமாக இருந்தது. பின்னால் வந்து நின்ற மதன் எட்டிப் பார்த்தான். போய் நோட்டை எடுத்து வந்து, எழுபத்து மூன்று புள்ளி எட்டு என்று அவனே எழுதினான். அதற்குக் கீழே மஞ்சள் கரு என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டான். அது கோணலாக வந்தது.