நகராத தோள்

குன்வோர் துப்பாக்கியால் சுட்டால் அவள் அசைவதில்லை, அவளுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தாக்குதான் ஒரு முழம் பின்னுக்குப் போகும். ஆடுகள், வைக்கோல் கொட்டகைகள், தேவாலயம், வேட்டைக் குழுத் தலைவர் சிக்பியோர்னின் வெள்ளை வீடு எல்லாமே நகரும். ஏரி மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். முதல் தடவை இது நடந்த வாரத்தில் உருளைக்கிழங்கு விலை ஏறியிருந்தது. ஊரில் அதைப் பற்றியும் பேசினார்கள்.

எல்லாம் குன்வோரின் அப்பா ஹால்வோர் இறந்ததில் தொடங்கியது. மலைமேல் உரிமையுள்ள ஒவ்வொரு பண்ணைக்கும் இலையுதிர் காலத்தில் வேட்டையாட ஒரு பனிமான் பங்கு உண்டு. ஆனால் பண்ணைக்காரர் சுடும் தேர்வில் தேறவேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பங்கு குழுத் தலைவருக்குப் போய்விடும். அப்பாவின் பங்கை விட குன்வோருக்கு மனமில்லை. சிக்பியோர்ன் வெகு அக்கறையாக ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தார். “பொம்பளத் தோளுக்கு லேசானதுதாம்மா தோது. இத வச்சுக்கோ,” என்றார். மெல்லிய குழல், அதற்குள் பெரிய தோட்டா. சுடும்போது பின்னுக்கு அடிக்கிற உதையில் பாதியைக் கனமான துப்பாக்கி தானே விழுங்கிவிடும், லேசானது எதையும் வைத்துக்கொள்ளாமல் அத்தனையையும் தோளுக்கே திருப்பிக் கொடுக்கும். குழுவில் எல்லோருக்கும் இது தெரியும். எல்லோரும் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேர்வில், பலகையில் வரைந்த மானின் இதயத்தில் அவளுடைய முதல் குண்டு பாய்ந்தது. கழுத்தெலும்பு வீங்கியது. அதன்பிறகு விரல் விசையைத் தொடும் முன்பே கண் மூடிக்கொண்டது, தோள் சுருங்கியது, மிச்சக் குண்டுகள் புல்லுக்குள் போயின. அந்த இலையுதிர் காலத்தில் சிக்பியோர்ன் அவளுக்கு ஒரு பொட்டலம் கறி அனுப்பினார். அவளுடைய மானிலிருந்தே அவளுக்குப் பிச்சை. எலும்பைவிட அதுதான் வலித்தது. அடுத்த வருடமும் அதே வீக்கம், அதே பொட்டலம். இரண்டு பொட்டலத்தையும் நாய் தின்றது.

நகரத்துத் துப்பாக்கிக் கடைக்காரர்தான் விஷயத்தை உடைத்தார். இந்த லேசான துப்பாக்கிக்கு இவ்வளவு பெரிய தோட்டாவை யார் உங்கள் கையில் கொடுத்தது என்று கேட்டுவிட்டு, கனத்த குழல் வைத்த ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். குன்வோருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதை அவள் வாங்கவில்லை. அரை நாள் மலையேறுகிறவள் இதை எப்படிச் சுமப்பது என்று கடைக்காரரிடம் சொன்னாள். உண்மையில் அது வீம்பு, சுத்தமான வீம்பு. குளிர்காலம் முழுக்கத் தொழுவத்துக்குப் பின்னால் பனியில் குப்புறப் படுத்து, தோட்டா இல்லாமல் பழகினாள். துப்பாக்கிக் கட்டையின் பின்முனையை இழைத்து, தோல் ஒட்டி, தோள்குழியில் கச்சிதமாக உட்காரவைத்தாள். பாதி மூச்சை விட்டு மீதியை நிறுத்தக் கற்றாள். தோளைப் பார்த்து, “இனிமே ஒரு இம்மி நகர்ந்தே, வெட்டிப் போட்டுருவேன்,” என்றாள். தோள் பயந்துவிட்டது.

அந்த வருடத் தேர்வில் எல்லாக் குண்டுகளும் இதயத்தில் பாய்ந்தன. தோள் வாங்க மறுத்த உதை எங்கேயாவது போயாக வேண்டும், பூமிக்குள் இறங்கியது. அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தேர்வாளர் மேசையோடு பின்னுக்குப் போனார். போன இடத்திலிருந்தே ‘தேர்ச்சி’ என்று எழுதினார். வேட்டையில் முந்நூறு மீட்டருக்கு அப்பால் ஒரு பெரிய ஆண் மான் ஒரே குண்டில் சாய்ந்தது, கீழே பள்ளத்தாக்கு நகர்ந்தது. பிறகு அவள் வாரம் தவறாமல் பயிற்சி செய்தாள். அதற்குச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை. மலைப்பாதை நீண்டுகொண்டே போனது. மறு கோடைக்குள் சிக்பியோர்னின் வாசற்படி ஏரிக்குள் இறங்கிவிட்டது, அவர் படகைக் கதவுப் பிடியில் கட்டிவைத்தார். சமையலறைத் தரையில் தண்ணீர் வந்த அன்று தம் சொந்தத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு குன்வோரின் பண்ணைக்கு வந்தார்.

“இது அஞ்சு கிலோம்மா. உதையே தெரியாது. நீயே வச்சுக்கோ.”

“ரெண்டு வருஷம் என் எலும்பு வீங்குனப்ப கனத்தப் பத்தி வாயத் தொறக்கலையேண்ணே? உங்க வீடு நகர்ந்ததும் ஞாபகம் வந்துருச்சாக்கும்?”

“தப்புதான். அதுக்காக வீட்டையே ஏரிக்குள்ள தள்ளுவியா?”

“நான் எங்க தள்ளுனேன்? நான் இருந்த எடத்துலயேதான இருக்கேன்.”

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, என்ன செய்தால் ஒத்துக்கொள்வாய் என்று கேட்டார்.

“சரி, இதுலயே சுடுறேன். ஆனா அஞ்சு கிலோவ மலைக்கு மேல நான் தூக்க மாட்டேன். நீங்க தூக்கிட்டு வாங்க.”

“நான் குழுத் தலைவரும்மா!”

“அப்ப தலைவரா முன்னால நடக்க வேணாம். என் பின்னால வாங்க.”

அந்த இலையுதிர் காலத்தில் நீண்டுபோன பாதை முழுக்க சிக்பியோர்ன் மூச்சிரைக்கச் சுமந்து வந்தார். குன்வோர் கைவீசி நடந்தாள். மேலே அவள் படுத்து, கையை நீட்டி, வாங்கி, சுட்டாள். மான் விழுந்தது. வீடு நின்ற இடத்திலேயே நின்றது. கேட்காமலே அவர் துப்பாக்கியை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டார்.

வீடுகள் நகர்ந்ததை ஊர் ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்டிருந்தது. சிக்பியோர்ன் ஒரு பெண்ணின் பின்னால் துப்பாக்கி சுமந்து நடந்ததை நம்பத்தான் மூன்று வருடம் பிடித்தது. அப்புறம் அதுவும் பழகிவிட்டது.