நோர்வேக்காரி மேடையில் சொன்னதும் கேமராவில் சொன்னதும்

1

இந்தக் கதை நியூசிலாந்தின் ஆக்லாந்தில், பக்குரங்கா பிளாசா என்ற கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்தில் பிறந்தது. என் தோழி பிரணவி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, என் பக்கம் திரும்பாமலே, தன் பெரியம்மாவைத் திட்டித் தீர்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் கோபம் தொற்றிக்கொண்டது. ஆறிய பிறகு எழுதினால் நன்றாக வரும் என்கிறார்கள். நன்றாக வர வேண்டாம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வட நோர்வேயின் பனி மூடிய துறைமுகத்தில், கனவுகளைச் சுமந்தபடி ஓர் இளம் பெண்...'

சுமந்தது கனவு இல்லை, மீன் பெட்டி. அடித்துவிட்டேன்.

[நான் கோயம்புத்தூர்க்காரன், நார்வே என்றுதான் எழுதியிருந்தேன். "நோர்வே எண்டு எழுதுங்கோ. பெரியம்மா அப்பிடித்தான் சொல்லுறவ" என்றாள் பிரணவி. சரி.]

2

பிரணவியின் பெரியம்மா ரதிதேவி யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் போய்ச் சேர்ந்தது வட நோர்வேயின் ஒரு மீன் தொழிற்சாலையில். வரிசையாக நின்று மீன் வகிரும் பெண்களுக்குப் பின்னால் மேற்பார்வையாளன் ஒருவன் கடிகாரத்தோடு நடப்பான். மூக்கைச் சிந்த நின்றாலும் குறித்துக்கொள்வான். தீவிர இடதுசாரிக் கட்சியின் கூட்டத்துக்கு அவள் முதன்முதலில் போனது, அந்த அறை கதகதப்பாக இருக்கும் என்பதற்காகத்தான். போனவள் எழுந்து பேசிவிட்டாள். உடைந்த நோர்வேஜிய மொழியில், மீன் கத்தி இன்னும் கையில் இருப்பதுபோல. நகரசபைக்குத் தேர்வானாள். வேலைநிறுத்தம் நடத்தி அந்தக் கடிகாரக்காரனை வெளியேற்றினாள்.

பிறகு மீன் வகிரும் இயந்திரம் வந்தது. ஆட்களின் வேலை போகும் என்று கட்சி எதிர்த்தது. ரதிதேவிக்கோ அதற்குள் விரல்கள் மடங்காமல் போயிருந்தன. காலையில் சட்டைப் பொத்தானைப் போடக் கணவனைக் கூப்பிட வேண்டும். "இந்த வேலையை இரும்பு செய்யட்டும். நோவு எங்களுக்கு மட்டும் எழுதி வச்சிருக்கோ?" என்று கேட்டாள். துரோகி என்றார்கள். கட்சியை விட்டு விலகிப் புத்தகம் எழுதினாள். வலியை இயந்திரம் வாங்கிக்கொள்ளட்டும், நேரம் மனிதருக்கு மிஞ்சட்டும். புத்தகத்தின் சாரம் இவ்வளவுதான். பேச வரச்சொல்லி நாடு நாடாக அழைத்தார்கள். போனாள்.

[இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம். விலைபோனவள் என்று ஒரு பத்தி எழுதினேன். அந்த விரல்கள் நினைவுக்கு வந்ததும் நீக்கினேன்.]

3

ஆக்லாந்துக்கு அவளை அழைத்தது ஒரு மென்பொருள் நிறுவனம். மங்கரேயில், விமான நிலையத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கில், வேலையாட்களின் மணிக்கட்டில் கட்டும் ஒரு பட்டியின் அறிமுக விழா. அதே கிடங்கில்தான் தங்கை மகள் பிரணவி வேலை செய்கிறாள் என்பது, தகனினி புறநகரில் அவள் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் ரதிதேவிக்குத் தெரிந்தது. சோதனைக்கென்று பிரணவியின் கையில் ஏற்கெனவே பட்டி கட்டியிருந்தார்கள்.

"கை சும்மா நிண்டா அதிரும், பெரியம்மா. டொய்லெட்டுக்குப் போனாலும் அதிரும். கனக்க அதிர்ந்தா மனேஜர் கூப்பிடுவார்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"உங்கட புத்தக வசனத்தைத்தான் கிடங்குச் சுவரில பெரிசா எழுதிக் கிடக்கு. உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

"உதுக்கே நான் எழுதினனான்?" ரதிதேவி சோற்றுத் தட்டைத் தள்ளினாள். "கழட்டு. தா இஞ்ச."

பிரணவி தயங்கினாள். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

4

மறுநாள் அந்தப் பட்டியைத் தன் கையில் கட்டிக்கொண்டு ரதிதேவி மேடையேறினாள். கிடங்கின் மேலாளர் ராகேஷ் சிரித்தபடி மைக்கைக் கொடுத்தார். அவள் பேசத் தொடங்கியதும் பட்டி அதிர்ந்தது. அந்த உறுமல் மைக் வழியாகக் கிடங்கு முழுக்கக் கேட்டது.

"கேட்கிறதா? நான் சும்மா நிற்கிறேனாம்," என்றாள் ஆங்கிலத்தில். "நோர்வேயில் எங்கள் பின்னால் நின்றவனுக்கு முகம் இருந்தது. திட்டினால் சிவக்கும். இதன் முகம் எங்கே? என் எழுத்தைச் சுவரிலிருந்து அழியுங்கள்!"

பெட்டி தூக்குகிறவர்கள் விசிலடித்தார்கள். பழைய சூடு ரதிதேவியின் உடம்பில் ஏறியது. பிரணவி மட்டும் கை தட்டவில்லை. அதைப் பெரியம்மா கவனிக்கவில்லை.

பட்டி பிரணவியின் பெயரில் பதிவானது. அதை வெளியாளிடம் கொடுத்தது குற்றம். அவளுடைய விசா அந்த வேலையோடு கட்டப்பட்டது; வேலை போனால் விசாவும் போகும். ராகேஷ் மரியாதையாகத்தான் பேசினார். தவறாகப் புரிந்துகொண்டேன் என்று உங்கள் பெரியம்மா கேமரா முன்னால் சொல்லிவிட்டால் போதும், இதை இத்தோடு விட்டுவிடலாம் என்றார்.

"உங்களுக்குக் கைதட்டு. எனக்கு?" வீட்டில் பிரணவி கத்தினாள். "ஒரு சொல்லு என்னட்டைக் கேட்டனீங்களோ?"



5

முடிவு ஒன்று: ரதிதேவி மறுக்கிறாள். மறுநாள் காலை கிடங்கே வெளியே வந்து...

முடிவு இரண்டு: பிரணவியே பட்டியை ராகேஷின் மேசையில் எறிந்துவிட்டு, நிமிர்ந்து...

இரண்டையும் பிரணவிக்கு அனுப்பினேன். உடனே போனில் வந்தாள். "எறிஞ்சாப் பிறகு? விசாவை நீங்களோ தருவியள்? உங்களுக்கென்ன, எழுதிப்போட்டுப் படுத்திடுவியள்!"

ஆகவே, நடந்தது இதுதான். ரதிதேவி சொன்னாள். கேமரா முன்னால், அவர்கள் எழுதிக் கொடுத்தபடி, ஒரே மூச்சில். சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக் கழுவி நின்றாள். பிரணவி துண்டை நீட்டினாள். விமான நிலையத்தில், "என்னை ஏசு, பிள்ளை. இப்பிடிப் பேசாம நிக்காதை" என்றாள் ரதிதேவி. அப்போதும் பிரணவி ஏசவில்லை. ஏச்செல்லாம் பக்குரங்காவில் எனக்குத்தான் கிடைத்தது.

பிரணவி இன்றும் பட்டியோடுதான் வேலைக்குப் போகிறாள்.

எனக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. உங்களுக்கும் பிடிக்காது. வேறு முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், கீழே இடம் விட்டிருக்கிறேன். ஒரே நிபந்தனை. திங்கட்கிழமை காலை பிரணவி எங்கே வேலைக்குப் போவாள் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.